வெள்ளிக்கிழமை பெய்த மழை

உக்காருங்க வக்கீலம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் சரியில்ல. இதுல உக்காருங்க. ஃபேன் இவ்வளவுதான் சுத்தும். நீங்க சென்னையில ஏசியில இருந்து பழகுனவிய, செத்த நேரம் பொறுத்துக்கிடுங்க. முதலாளி அனுப்புன ஆளுன்னு சொன்னதுனாலதான் கதவத் தெறந்தேன். ரெண்டு மாசமா நான் ஒருத்தனுக்கும் தெறக்கல. யூனியன்காரன் வந்தான், இன்சூரன்ஸ்காரன் வந்தான், சர்ச்சுல இருந்து ரெண்டு பேரு ஜெபம் பண்ணணும்னு வந்தாவ. எல்லாரையும் கேட்டோட அனுப்பிட்டேன். எனக்கு எதுக்கு ஜெபம்? தப்பு செஞ்சவளுக்குப் போயி பண்ணுங்கன்னேன்.

யாருன்னா கேக்கீங்க? அவதான். ஜோவிட்டா. ஜோவிட்டா வாஸ். உங்க ஃபைல்ல அவ கையெழுத்து இருக்கும், பாருங்க. முத்து முத்தா இருக்கும். அந்தக் கையெழுத்துதான் என் வயித்துல அடிச்சது.

சரி, ஒண்ணுமே தெரியாதவகிட்ட சொல்லுத மாதிரி முதல்ல இருந்து சொல்லணும்னு சொல்லுதீங்க. சொல்லுதேன். எம்பேரு இஸ்ரவேல். இருபத்தாறு வருசமா தனுஷ்கோடி முதலாளிக்குத் தூத்துக்குடி ஹார்பர் வேலை பாக்கேன். முதலாளிக்கு விருதுநகர்ல நாலு பருப்பு மில்லு. வெளிநாட்டுல இருந்து பட்டாணி கப்பல்ல வரும். அத எறக்கி, லாரியில ஏத்தி, மில்லுக்கு அனுப்புதது என் பொறுப்பு. கப்பல் வேற ஒருத்தனோடது. நாம வாடகைக்குப் பிடிக்கோம், அவ்வளவுதான்.

இப்ப நீங்க கல்யாணத்துக்கு மண்டபம் எடுக்கீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குக் காலி பண்ணணும்னு சொல்லுவான்லா? அதுவரைக்கும் வாடகையில சேத்தி. ரெண்டு மணி தாண்டி பந்தி ஓடுச்சுன்னா தனியா வாங்குவான். கப்பலும் அப்பிடித்தான். சரக்கு எறக்க இவ்வளவு நேரம்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கும். அது லேடைம். அது தீந்த பெறகும் கப்பல் நின்னா, நிக்குத ஒவ்வொரு மணிக்கும் தண்டம். அது டெமரேஜ். மண்டபத்துல இல்லாத ஒரு சலுகை கப்பல்ல உண்டு. மழை. மழை பெஞ்சா சரக்கு நனையும், கப்பல் வயித்த மூடியாகணும், அந்த நேரம் கணக்குல சேராது. மழை விட்டாத்தான் கடிகாரம் மறுபடியும் ஓடும்.

ஆனா இதுலயும் ஒரு வெனை இருக்கு. நேரம் ஒரு தடவ தீந்துபோச்சுன்னா தீந்ததுதான். அதுக்குப் பெறகு மழையும் இல்ல, புயலும் இல்ல. ஆண்டவரே எறங்கி வந்து வேலைய நிறுத்துனாலும் தண்டம் நம்ம தலையிலதான்.

புரிஞ்சுதா? நல்லது. உங்களுக்கு முன்னாடி ஒரு பையன வக்கீல்னு அனுப்பிச்சாவ, கேட்டுல நின்னே அவனுக்கு மூணு தடவ சொன்னேன், கடைசியில லேடைம்னா கப்பல் லேட்டா வாரதான்னு கேட்டான். அப்பிடியே போன்னுட்டேன்.

எப்சிபா, டீ கொண்டா. சீனி கொறச்சுப் போடு. என் சம்சாரம். சொன்னாக் கேட்டுக்கிடுவா, பேச்சுதான் இல்ல. இந்தக் கப்பல் வந்துபோன நாள்ல இருந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசுததில்ல. அத விடுங்க.

போன நவம்பர்ல ஒரு திங்கக்கிழமை கப்பல் வந்தது. நமக்கு அஞ்சு நாள் நேரம். மழை நீங்கலா அஞ்சு முழு நாள். கேப்டன் துருக்கிக்காரன். மூஞ்சியில சிரிப்பே கெடையாது. கப்பல் வந்ததும் கேப்டன் ஒரு நோட்டீஸ் குடுப்பான், ‘நான் வந்துட்டேன், எறக்கிக்கோ’ன்னு. அந்த நோட்டீஸ் பன்னெண்டு மணிக்கு முன்னாடி வந்தா அன்னைக்கு ரெண்டு மணிக்கே கடிகாரம் ஓட ஆரம்பிச்சிரும். பன்னெண்டு தாண்டி வந்தா மறுநாள் காலையில எட்டு மணிக்குத்தான். இதுலதான் அனுபவம் வேணும்.

இந்த ஜோவிட்டா கப்பலுக்கு ஏஜென்ட் கம்பெனியில வேலை. கப்பலுக்கும் நமக்கும் நடுவுல ஓடுதது அவ வேலை. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஆம்பளைய மாதிரி பூட்ஸு, தலையில மஞ்சத் தொப்பி, கக்கத்துல ஒரு நீள நோட்டு. கப்பல் அணையுத ஜெட்டியில பொம்பளைக்கு என்ன வேலை? உங்களச் சொல்லல வக்கீலம்மா, நீங்க படிச்சவிய, நெழல்ல இருக்கீங்க. அவ திங்கக்கிழமை பத்து நாப்பதுக்கு நோட்டீஸ எடுத்துக்கிட்டு என் ஆபீஸுக்கு வந்தா. நான் ஜன்னல் வழியா பாத்துட்டேன். வெளிய பெஞ்சுல உக்காரச் சொல்லுன்னு சொல்லிட்டு, உள்ள உக்காந்து பேப்பர் படிச்சேன். பேப்பர் முழுக்கப் படிச்சேன், காணவில்லை விளம்பரம் வரைக்கும். பன்னெண்டு பத்துக்குத்தான் உள்ள கூப்பிட்டேன். பன்னெண்டு பத்துன்னு நேரம் போட்டு வாங்குனேன். அரை நாளுக்கு மேல மிச்சம்! முதலாளிக்கு போன் போட்டுச் சொன்னேன், சிரிச்சாவ. "இஸ்ரவேலு, நீரு கெட்டிக்காரன்வே"ன்னாவ.

அவ மூஞ்சியில ஒரு கோவமும் காட்டல. அதுதான் எனக்கு முதல்ல பிடிக்கல. அந்த நோட்ட விரிச்சு என்னமோ எழுதுனா. பெறகு சொல்லுதா, "சார், இதே நோட்டீஸ பத்து நாப்பதுக்கே கேப்டன் மெயில்லயும் அனுப்பிட்டாரு. ஒப்பந்தத்துல மெயில் போதும்னு இருக்கு."

மெயிலா! நான் கையெழுத்துப் போடாம எந்தக் கப்பலுக்கும் கடிகாரம் ஓடுனது கெடையாதுன்னேன்.

"அப்ப ரெண்டு நேரத்தையும் எழுதிக்கிடுதேன் சார்."

பாத்தீங்களா? ரெண்டு நேரத்தையும் எழுதுதாளாம். உங்க ஆபீஸ்லயும் அந்த மெயில் செல்லும்னு சொல்லிட்டாவளாமே. சட்டம் படிச்சவனுக்கெல்லாம் ஹார்பர் தெரியுமா? சரி, உங்க இஷ்டம். திங்க மத்தியானம் ரெண்டு மணியில இருந்தே அஞ்சு நாள்னு வச்சுக்கிடுங்க. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணியோட முடியுது. நடுவுல மழை பெஞ்சா அந்த நேரத்தக் கூட்டிக்கிடணும். இந்த ரெண்டு மணிய மனசுல வைங்க.

செவ்வாய்க்கிழமை நல்லா ஓடுச்சு. சாயங்காலம் லாரி சங்கச் செயலாளர் பலவேசம் வந்தான். டிரைவர்மாரு ஏழு மணி நேரம் வெயில்ல நிக்காவ, ஒண்ணுக்குப் போக எடமில்ல, ஒரு டோக்கன் முறை வைங்கன்னு கேட்டான். கேக்குத முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? கப்பல் நிக்கும்போது வந்து கேக்கலாமா? லாரிக்காரனுக்கு எல்லாம் நாற்காலி போட்டு விசிறிவிட அவன் என்ன எங்க வீட்டு மாப்பிள்ளையான்னு கேட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னேன். அது இங்க வேண்டாம், எப்சிபா நிக்கா. டிரைவர்மாரு முன்னாடி சொன்னதுதான் அவனுக்குப் பெருசாப் போச்சு.

புதன்கிழமை ஒரு லாரி வரல. ஒண்ணுகூட வரல.

நான் போன் போடணுமா? நான் எதுக்குப் போடணும்? அவன் வருவான்னு இருந்தேன். கப்பல் சும்மா நின்னுது. கிரேன் எல்லாம் கொக்கு மாதிரி நின்னுது. அப்ப பாத்து, பதினோரு மணிக்கு மில்லர்புரத்துல, இந்தத் தெருவுல, ஒரு மழை. அரை மணி நேரம் கொட்டிச்சு. ஆண்டவர் குடுத்த மழை! உடனே ஜோவிட்டாவுக்கு போன் போட்டேன். "ஏம்மா, மழை பெய்யுது, காலையில இருந்து மழைன்னு எழுதிக்கோ"ன்னேன்.

"சார், நான் ஜெட்டியிலதான் நிக்கேன். இன்னும் குடையே விரிக்கல"ங்கா.

"ஊர்ல பெய்யுதும்மா."

"கப்பல் ஊர்ல நிக்கல சார்."

எப்பிடி இருக்கு? என் மக வயசு! மழைன்னு எழுதுனா அவளுக்கு என்ன கொறஞ்சு போகும்? அவ அப்பன் வீட்டு நேரமா? ‘லாரி இல்லாததால் வேலை நிறுத்தம்’னு எழுதுனா. கப்பல் வந்த நிமிசத்துல இருந்து போன நிமிசம் வரைக்கும் நடந்தத நடந்தபடி ஒரு பட்டியல் போடணும், அதுக்கு ஃபேக்ட்ஸ்னு பேரு. கடைசியில கேப்டன், ஏஜென்ட், நான், மூணு பேரும் கையெழுத்துப் போடணும். இருபத்தாறு வருசமா நான் சொன்னத எழுதுனாவ. இதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியில மரியதாஸ்னு ஒருத்தர் இருந்தாரு. தங்கமான மனுசன். மழைன்னா மழை, வெயில்னா வெயில். அவரு ரிட்டயர் ஆனதும் இவள அனுப்பிச்சானுவ.

கடைசியில முதலாளியே பலவேசத்துகிட்ட பேசி, வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல லாரி வந்துது. ஒண்ணரை நாள் போச்சு. இதுக்கு யாரு காரணம்? நீங்க எழுதிக்கிடுங்க: பலவேசம். கொட்டை எழுத்துல எழுதுங்க.

வெள்ளிக்கிழமைக்கு வாரேன். நீங்க அதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பேனாவ இப்பத்தான் நிமுத்திப் பிடிக்கீங்க.

வெள்ளிக்கிழமை காலையிலயே டிவியில புயல் சின்னம்னு சொல்லிட்டான். வானம் கருத்துக் கெடந்துது. ஒண்ணரை மணிக்குத் தூத்தல் போட்டுது. ஹார்பர்லதான் பெஞ்சுது, குடைக்காரியும் ஒத்துக்கிட்டா. ‘ஒன்று முப்பது, மழை, மூடிகள் அடைக்கப்பட்டன.’ கப்பல் வயித்துக்குப் பெரிய பெரிய இரும்பு மூடி உண்டு, அத அடச்சுட்டாவ. நான் ஜெட்டியில குறுக்கும் நெடுக்கும் நடக்கேன். பட்டாணி பாதிக்கு மேல உள்ள கெடக்கு. மழைன்னா நேரம் ஓடாது, சரி. ஆனா சரக்கும் எறங்காதுல்லா? புயல் வந்தா கப்பல வெளிய தள்ளிருவான்.

ரெண்டு நாப்பதுக்கு மூணாம் நம்பர் மூடியத் தெறக்கச் சொன்னேன்.

நான்தான் சொன்னேன். நானா எடுத்த முடிவு. முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது. அவிய விருதுநகர்ல இருந்தாவ. ஆமா, அப்பிடியே எழுதிக்கிடுங்க. முதலாளிய இதுல இழுக்க நான் விடமாட்டேன். அவிய உப்பத் தின்னவன் நான்.

தூத்தல்தான். மழைன்னு சொல்ல முடியாது. சட்டை நனையும், அவ்வளவுதான். கேப்டன் முடியாதுன்னான். தெறக்கச் சொன்னது நீதான்னு ஒரு கடுதாசி குடுன்னு கேட்டான். ஜோவிட்டா வந்து, "ஒரே வரி எழுதிக் குடுங்க சார், நீங்க சொல்லித்தான் தெறக்காங்கன்னு"ன்னா. இருபத்தாறு வருசத்துல நான் யாருக்கும் கடுதாசி குடுத்ததில்ல, ஏட்டி, போன்னேன். அப்பிடித்தான் சொன்னேன், மரியாதை இல்லாம, ஏட்டின்னு. கோவத்துல வந்துட்டு. அவ கேப்டன்கிட்ட இங்கிலீஷுல என்னமோ சொன்னா, ஃபேக்ட்ஸ்னும் எம்பேரும் மட்டும் எங்காதுல விழுந்துது. அவன் தோளக் குலுக்கிட்டு மூடியத் தெறந்தான்.

அப்ப அவ எங்கிட்ட வந்து மெதுவா சொல்லுதா, "சார், ஏணி எண்ணெயும் தண்ணியுமா இருக்கு. ஆள எறக்காதீங்க. கிரேனு எடுக்கிறத மட்டும் எடுக்கட்டும்."

கிரேன் வாளி நடுவுல இருக்கிறத அள்ளும். ஓரத்துல ஒட்டிக் கெடக்குதத யாரு தள்ளுவா? ஆளு எறங்கித்தான் தள்ளணும். எட்டுப் பேர எறக்கச் சொன்னேன். அஞ்சாவதா எறங்குனவன் ஊர்க்காவலன். மூணு பத்துக்கு விழுந்தான்.

விழுந்தான்னா, வழுக்குச்சு. மத்தவன் நாலு பேரு ஒழுங்கா எறங்குனானா இல்லையா? அதே ஏணிதானே? இவன் பூட்ஸு தேஞ்சு கெடந்துது. நான் அப்பவே சொன்னேன். கீழ பட்டாணி மேலதான் விழுந்தான், அதுவும் ஒரு நல்லதுன்னு வைங்க. ஆனா இடுப்பு போயி இரும்பு விளிம்புல பட்டுட்டு. அவன மேல தூக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு. கிரேன்ல பலகை கட்டித்தான் தூக்கினாவ. பெறகு ஒருத்தனும் எறங்க மாட்டேன்னுட்டான். ஆறு மணி வரைக்கும் வேலை நடக்கல. மூணு மணி நேரம் போச்சு.

என்ன அப்பிடிப் பாக்கீங்க? நீங்கதானே நேரத்தக் கேக்கீங்க, நேரத்தச் சொல்லுதேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகாம இல்ல. மூணாம் நாளு போனேன். ஹார்லிக்ஸு, ஆரஞ்சு எல்லாம் வாங்கிட்டுப் போனேன், என் சொந்தச் செலவுல. அவன் பொண்டாட்டி பேச்சியம்மா, உக்காருங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. பைய வாங்கி, அப்பிடியே வெளிய இருந்த ஆயாகிட்ட குடுத்துட்டா. அவனாவது பேசுனானா? செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். இனிமே நடக்க மாட்டான்னு டாக்டர் சொன்னாராம். டாக்டர் சொல்லுததெல்லாம் நடக்கவா செய்யுது? எங்க அத்தானுக்கும் அப்பிடித்தான் சொன்னாவ, இன்னைக்கு சைக்கிள் மிதிக்காரு. எப்சிபா, நீ எதுக்கு உள்ள போற? இரு. நான் பொய்யா சொல்லுதேன்?

மிச்சத்தையும் கேளுங்க. வெள்ளி ஆறு மணிக்கு வேற ஆள வச்சுத் தொடங்கி, சனிக்கிழமையும் வேலை நடந்துது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, புயல் வருது, எல்லாக் கப்பலும் கடலுக்குப் போங்கன்னு துறைமுகத்துல சொல்லிட்டாவ. மூணுல ஒரு பங்கு பட்டாணியோட கப்பல் போச்சு. அஞ்சு நாளு கடல்ல கெடந்து, திரும்பி வந்து, மிச்சத்த எறக்கிட்டுப் போச்சு. இப்ப அந்த அஞ்சு நாளைக்கும் கப்பல்காரன் தண்டம் கேக்கான்.

அங்கதான் வக்கீலம்மா, இந்த வெள்ளிக்கிழமை. சனி ரெண்டு மணிக்கு நம்ம நேரம் முடியுது. வெள்ளிக்கிழமை ஒண்ணரையில இருந்து ஆறு வரைக்கும் மழைன்னு வைங்க, நாலரை மணி நேரம் கூடும். சனிக்கிழமை ஆறரைக்குத்தான் நேரம் முடியும். அஞ்சு மணிக்கே கப்பல வெரட்டியாச்சு. அப்ப புயல் நம்ம நேரத்துக்குள்ள வந்த புயல், புயல் நாளெல்லாம் நமக்குச் சும்மா. ஆனா அவ என்ன எழுதியிருக்கா? ஒண்ணரையில இருந்து ரெண்டு நாப்பது வரைக்கும்தான் மழை. பெறகு, வாசிங்க, நீங்களே வாசிங்க... ஆமா. ‘இரண்டு நாற்பது, சரக்குதாரரின் பிரதிநிதி திரு. இஸ்ரவேல் வற்புறுத்தியதால் மூன்றாம் மூடி திறக்கப்பட்டு வேலை தொடங்கியது. மூன்று பத்து, தொழிலாளி விழுந்தார். வேலை நிறுத்தம்.’ வேலை தொடங்குனா கடிகாரமும் தொடங்கிட்டு. பெறகு நின்னது ஆள் விழுந்ததுனால, மழையினால இல்ல. அப்ப சனிக்கிழமை மூணு பத்துக்கே நேரம் தீந்துபோச்சு. ரெண்டு மணி நேரத்துல, வெறும் ரெண்டு மணி நேரத்துல, அஞ்சு நாள் புயலும் முதலாளி தலையில.

அதுவும் எம்பேரப் போட்டு! ‘வற்புறுத்தியதால்’! ஃபேக்ட்ஸ்ல யாராவது மனுசன் பேரு எழுதுவாளா? கிரேன் நம்பர் எழுது, மூடி நம்பர் எழுது. எம்பேர எதுக்கு எழுதுத?

அத மாத்துன்னு நின்னேன். மூணு மணி நேரம் அவ ஆபீஸ்ல நின்னேன். மழைன்னு மாத்து, எம்பேர எடுன்னேன். "சார், மழைன்னு மாத்துனா மழையில ஆள எறக்கினதாத்தான் ஆகும். உங்களுக்கு அதுதான் கெடுதல்"னா. எனக்கு நல்லது சொல்லுதாளாம்! நான் என்ன பச்சப்புள்ளையா? ஆட்சேபணையோட கையெழுத்துப் போட்டுட்டு, நேரா அவ மேனேஜர்கிட்ட போனேன். இந்தப் பொம்பள ஜெட்டியில நின்னா இனி எங்க கப்பல் உங்களுக்குக் கெடையாதுன்னேன். மறு வாரமே அவள எடுத்துட்டானுவ. இப்ப உள்ள உக்காந்து பில்லு அடிக்கிறாளாம். இருக்கட்டும். அந்த மஞ்சத் தொப்பிய இனி யாரு தலையில வைக்கான்னு பாப்போம்.

இப்ப நீங்க கேக்குததுக்கு வாரேன். மழை பெஞ்சுதா இல்லையா? பெஞ்சுது. ஒண்ணரையில இருந்து ஆறு வரைக்கும் விடாம பெஞ்சுது. இப்பத்தான் தூத்தல்னு சொன்னேனா? அது பேச்சுக்குச் சொன்னது. மழைதான். நல்ல மழை. முதலாளிக்கு அது வேணும்லா? எழுதுங்க. எழுதியே கொண்டாந்துட்டீங்களா? பரவாயில்ல, வேகமான ஆளுதான். குடுங்க, கையெழுத்துப் போடுதேன். கண்ணாடி இல்ல, நீங்களே வாசிங்க, கேட்டுக்கிடுதேன்.

ம்.

ம். சரி. மழை, சரி. ‘இடைவிடாத மழை.’ நல்லா எழுதியிருக்கீங்க.

என்னது? திரும்ப வாசிங்க.

‘மழையின்போது மூடியைத் திறக்கக் கூடாது என்ற நிறுவனத்தின் தெளிவான அறிவுறுத்தலுக்கு மாறாக, என் சொந்தப் பொறுப்பில்...’

மாறாகவா?

இந்த ‘மாறாக’ எங்க இருந்து வந்துது? யாரு அறிவுறுத்தினா? முதலாளி சொல்லித்தான் எழுதுனீங்களா? நான் முதலாளிக்குத் தெரியாதுன்னுதானே சொன்னேன்? தெரியாதுங்கிறது வேற, மாறாகங்கிறது வேற இல்லையா? படிச்சவிய, உங்களுக்கு வித்தியாசம் தெரியாதா? இதுல கையெழுத்துப் போட்டா ஊர்க்காவலன் கேஸு யாரு மேல வரும்?

எம்மேலயா. கம்பெனி மேல இல்ல. என் ஒருத்தன் மேல.

எப்சிபா. நீ பேசாத. ரெண்டு மாசமா பேசாதவ இப்ப எதுக்குப் பேசுத?

...என்ன சொல்லுதான்னா கேக்கீங்க? போன் வந்தத சொல்லுங்கன்னு சொல்லுதா.

வந்துது. ரெண்டு முப்பத்தஞ்சுக்கு வந்துது. கப்பல் ஏணிக்குக் கீழ நின்னுக்கிட்டிருந்தேன். காத்துல ஒண்ணும் கேக்கல, ஸ்பீக்கர்ல போட்டேன். "இஸ்ரவேலு, மழை கிழைன்னு மூடி வச்சுக்கிட்டு நிக்கீராமே? புயலுக்கு முன்னாடி காலி பண்ணலன்னா ஹார்பர் பக்கமே இனி வராதயும். ஆள எறக்குவே, எவன் விழுந்தா என்ன, நான் பாத்துக்கிடுதேன்." இந்த வார்த்தைதான். ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கல. நான் பாத்துக்கிடுதேன்னாவ. இருபத்தாறு வருசமா அவிய பாத்துக்கிட்டாவ, அதனாலதான் நான் யாருகிட்டயும் சொல்லல. வீட்டுல இவகிட்ட மட்டும் சொன்னேன். சொல்லாம இருந்திருக்கணும்.

இல்லன்னு சொல்லுதாவளா முதலாளி? அப்பிடி ஒரு போனே பேசலங்காவளா?

போன் வந்த நேரம் போன் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கும். வார்த்தை இருக்காதுங்கீங்க. சரிதான். அப்ப பக்கத்துல யாரு நின்னா? கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. மேஸ்திரி முதலாளியோட சொந்தக்காரன், செத்தாலும் வாயத் தெறக்க மாட்டான். ஊர்க்காவலன் தள்ளி கயித்துப் பக்கம் பீடி குடிச்சுக்கிட்டு நின்னான்...

அவ நின்னா.

ரெண்டடி தள்ளி நின்னா. நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு இருந்தா. ஸ்பீக்கர்ல அந்தப் பேச்சு வந்ததும் தலையத் தூக்கி என்னப் பாத்தா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அதுக்குப் பெறகுதான் ஆள எறக்காதீங்கன்னு வந்து சொன்னா. அந்தப் பேச்சையும் எழுதியிருப்பா. அந்த மூதி எத எழுதாம விட்டா? கப்பல் மேல ஒரு காக்கா வந்து உக்காந்தாக்கூட நேரம் போட்டு எழுதுதவ.

இந்தத் தாள எடுங்க வக்கீலம்மா. நான் கையெழுத்துப் போடல. முதலாளிகிட்ட சொல்லுங்க, இஸ்ரவேலுக்குக் கண்ணாடி கெடைக்கலன்னு சொல்லுங்க. வேண்டாம், போடமாட்டேன்னே சொல்லுங்க.

நான் போயி அவ முன்னாடி நிக்கணும். ஜெட்டியில இருந்து நான் வெரட்டிவிட்டவ முன்னாடி. வெளிய பெஞ்சுல உக்காருங்கன்னு சொல்லுவா. சொன்னா உக்காந்துட்டுப் போறேன், வேற என்ன செய்ய.

இருங்க, பையப் பூட்டாதீங்க. அந்த ஃபேக்ட்ஸ் தாள எடுங்க. கடைசிப் பக்கத்துல கையெழுத்துக்குக் கீழ அவ நம்பர் போட்டிருப்பா. என் போன்ல இருந்தத அழிச்சுட்டேன். எப்சிபா, ஒரு பேனா எடு.

வாசிங்க. மெதுவா வாசிங்க, எழுதிக்கிடுதேன்.